மருமகனுக்கு அந்தப் பழக்கமில்லை

நெடுங்கண்மாய்,
தேவிபட்டினம் வழி,
மாசி மாதம், 2006.

அன்பு மகள் சேதுலட்சுமிக்கு அய்யா பொன்னுச்சாமி எழுதிக்கொள்வது. குலசாமி புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் உன் மகள் பூமயிலும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, படுக்கிற நேரத்தில் படுத்து, மனசு தளராமல் இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். இந்த லெட்டரைத் தபாலில் போடவில்லை. தேவிபட்டினம் ஹமீது சுல்தான் லீவு முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை குவைத்துக்குக் கிளம்புகிறார், அவர் கையில் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன். உன் மேடம் வீடு இருக்கிற தெரு அவருக்குத் தெரியுமாம், அந்தப் பக்கம்தான் டிரைவராக இருக்கிறாராம். போனில் பேசினால் என்ன என்று நீ கேட்பாய். பூத்துக்கு நான் போய்ச் சேருவதற்குள் பாதி ஊர் அங்கே வந்து நிற்கிறது. நீ அழுதால் அங்கே மேடம் காதில் விழும், நான் அழுதால் இங்கே பூத்துக்காரன் காதில் விழும். எழுதுவதுதான் தோது.

போன மாசம் நீ கேட்டாயே, அய்யா, ஒப்பந்தம் சித்திரையோட முடியுது, மறுபடி கையெழுத்துப் போடவா, ஊருக்கு வந்துறவா, அவுக எப்படி இருக்காக, நெசத்தச் சொல்லுங்க என்று. நான் நல்லாருக்காக தாயி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். நீ கேட்டதற்குப் பதில்தான் இது. வேலைக்கு நடுவே நின்றுகொண்டு படிக்காதே, வேலை முடிந்து உட்கார்ந்து படி. நடுவில் நிறுத்திவிட்டு அழவும் செய்யாதே, கடைசி வரைக்கும் படி.

முதலில் வீட்டுச் சேதி. மிளகாய் இந்த வருசம் பரவாயில்லை, மழை கூடப் பெய்ததில் செடி பாதி அழுகினாலும் நின்ற பாதி நன்றாகக் காய்த்திருக்கிறது. களத்தில் காயப்போட்டிருக்கிறோம், உன் அம்மா காக்காய்க்கும் ஆட்டுக்கும் காவல் இருக்கிறாள், தும்மித் தும்மி மூக்குச் சிவந்து கிடக்கிறது. செவலை ஆடு இரண்டு குட்டி போட்டது. பூமயில் நாலாவது போகிறாள், கணக்கு நன்றாக வருகிறது, வாய் அதைவிட நன்றாக வருகிறது, நீ அவள் வயதில் பேசியதில் பாதி என்று உன் அம்மா சொல்கிறாள், எனக்கு இரண்டு பங்கு என்று படுகிறது. நீ அனுப்பிய பூப்போட்ட சட்டையைப் பொங்கலுக்குப் போட்டாள். கொஞ்சம் சிறிசாகத்தான் இருந்தது. நீ போகும்போது பார்த்த உயரத்திலேயே அவளை நினைத்துக்கொண்டு வாங்குகிறாய், பிள்ளை வளர்ந்துவிட்டது தாயி.

இனி மாப்பிள்ளை சமாச்சாரம். மாப்பிள்ளை சோணைமுத்து குடிப்பார் என்பது உனக்குத் தெரியாதது இல்லை. நீ இங்கே இருக்கும்போதும் குடித்தார். ஆனால் நீ பார்த்தது வேறு, அதற்குப் பிறகு நடந்தது வேறு. உன் மாமியார் காலமான பிறகு சோற்றுக்கும் படுக்கைக்கும் நம் வீட்டுக்கே வந்துவிட்டார் என்று உனக்கு அப்போதே சொன்னோம். கருவேல் வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுடுகிற வேலை, பகல் பூராவும் புகையிலும் அனலிலும் நின்று வருகிறவர்கள் சாயங்காலம் ரோட்டுப் பிராந்திக் கடையில் நின்றுவிட்டுத்தான் வருவார்கள், இவரும் அப்படித்தான் என்று இருந்தோம். பிறகு மத்தியானமும் ஆனது. பிறகு விடிந்ததும் ஆனது. காலையில் காப்பி டம்ளரைக் கையில் கொடுத்தால் பாதி காப்பி தரையில் சிந்தும், அப்படி நடுக்கம். கொஞ்சம் உள்ளே போனால் நடுக்கம் நின்றுவிடும். நாங்களும் சரி, அந்த மனுசனுக்கு அது ஒரு மருந்து மாதிரி ஆகிப்போச்சு என்று நினைத்துக்கொண்டோம். எங்கள் அறிவு அவ்வளவுதான்.

நீ கேட்கலாம், ஏன் அய்யா ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை என்று. பெண்ணைக் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளையைக் கண்டிக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது சொல். உன் அம்மா இத்தனை வருசத்தில் மருமகன் முன்னால் நின்று பேசியவள் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவுகளுக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவா கேளுங்க என்று என்னிடம்தான் கேட்பாள், அவரும் போதும் மாமா என்று என்னிடம்தான் சொல்வார், நடுவில் நான் ஒரு தந்திக்கம்பம். தீபாவளி அன்றைக்கு வாசற்படியில் குறுக்கே விழுந்து கிடந்தார். அப்போதுகூட, மாப்ள, கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கிருங்க என்றுதான் எனக்கு வாய் வந்தது. உனக்கு ஒரு தம்பி இருந்து அவன் இப்படிக் கிடந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பேன். செருப்பால் அடித்தும் இந்த வியாதி போகாது என்று இப்போது தெரியும், அது வேறு கதை.

ஐப்பசிக் கடைசியில் அடைமழை பிடித்தது. கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து ரோட்டை அறுத்துக்கொண்டு போய்விட்டது. பஸ் இல்லை, பால்காரர் இல்லை, கடைக்குப் போக வழியும் இல்லை. ஊரில் ஒளித்து விற்கிற ஆளிடமும் சரக்குத் தீர்ந்துபோனது. குடிக்காமல் இருந்தது நல்லதுதானே என்று நாங்கள் சந்தோசப்பட்டோம் தாயி. உன் அம்மா மழைக்குக் கும்பிடு போட்டாள். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் வேர்த்து ஆடியது. அதற்கு மறுநாள் கையைக் காலை இழுத்து, வாயில் நுரை தள்ளி, கண் மேலே சொருகி விழுந்தார். எழுந்த பிறகு என்னையே யார் என்று கேட்டார். அவருடைய அண்ணன் முனியசாமி வந்து பார்த்துவிட்டு, இது காத்துக் கருப்பு அடிச்சது, ஏர்வாடி தர்காவுல கொண்டுபோய்ப் போட்டாத்தான் தெளியும் என்றார். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வாசலில் எலுமிச்சம்பழம் வெட்டினார்கள், திருநீறு போட்டார்கள். மறுபடியும் இழுத்துக்கொண்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. டிராக்டரில் பாய் விரித்து ஏற்றி, தண்ணீருக்குள்ளேயே ஓட்டி மெயின் ரோடு வந்து, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கேதான் அது நடந்தது. டாக்டர் சின்ன வயசுப் பையன், நல்ல பிள்ளை. முதல் கேள்வியே, இவர் குடிப்பாரா என்று கேட்டார். சுற்றி நம் பக்கத்து ஊர்க்காரர்கள் நாலு பேர், வேறு யாரையோ பார்க்க வந்தவர்கள், வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். உன் அம்மா, வருசக்கணக்காக மருமகன் முன்னால் வாய் திறக்காதவள், அன்றைக்குத் திறந்தாள். எங்க மருமகனுக்கு அந்தப் பழக்கமில்ல சார், தங்கமான ஆளு என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மாப்பிள்ளை மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று எங்களுக்கு நினைப்பு. அவர் அதை நம்பி, வலிப்புக்கும் காய்ச்சலுக்கும் பார்த்தார். நாம் சொன்னதை வைத்துத்தானே அவரும் பார்க்க முடியும்.

மாப்பிள்ளை மோசமாகிக்கொண்டே போனார். குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கிப் போட்டார். சுவரைக் காட்டி, மாமா நண்டு ஊருது, படுக்கையெல்லாம் நண்டு, தட்டிவிடுங்க மாமா என்று அலறினார். நான் இல்லாத நண்டைத் துண்டால் தட்டிவிட்டேன் தாயி, வேறு என்ன செய்ய. கட்டிலோடு சேர்த்துக் கையைக் கட்டினார்கள். உன் அம்மா கழுத்துத் தாலியைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லி அழுதாள். பிள்ளை அங்கன பாலைவனத்துல கெடக்கா, இங்கன இப்படி ஆகிப்போனா நான் என்ன பதில் சொல்லுவேன் என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

பக்கத்துக் கட்டிலில் இருந்தது ஏர்வாடிக்காரர், கால் முறிந்து கிடந்தார். அவரைப் பார்த்துக்கொள்ள இருந்தது அவருடைய தங்கச்சி குல்சும் என்று ஒரு பிள்ளை, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிறது. அது உன் அம்மாவை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டுபோய், அம்மா, நான் கேக்குறேன்னு கோவிக்காதீங்க, இவுக குடிக்கிற ஆளுதானே, எங்க காக்காவுக்கும் குடிய நிப்பாட்டுனப்ப இதே மாதிரி பாம்பு தெரிஞ்சுச்சு, பல்லி தெரிஞ்சுச்சு, நாங்களும் மறைச்சோம், அல்லாவுக்காக டாக்டருகிட்ட உள்ளதச் சொல்லிருங்க என்றிருக்கிறது. உன் அம்மா என்னிடம் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு, நீங்களே போய்ச் சொல்லுங்க, எனக்கு அந்த வாய் வராது என்றாள். எனக்கு மட்டும் வந்ததா. டாக்டர் அறை வாசல் வரைக்கும் போய், தண்ணீர் குடிக்கிற மாதிரி இரண்டு தரம் திரும்பி வந்தேன். அப்புறம் போய்ச் சொன்னேன். விடிந்ததிலிருந்து குடிப்பார் சார், மழையில் கடைக்குப் போக முடியாமல் நின்றுபோச்சு, அதற்குப் பிறகுதான் இது என்று. என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, பெரியவரே, மொதல் நாளே சொல்லியிருக்கலாமே, ஆளே போயிருப்பாரே என்றார், அவ்வளவுதான். உடனே வேறு ஊசி போட்டார்கள். மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை என்னை அடையாளம் கண்டு, மாமா, தங்கச்சி எங்க என்று பூமயிலைக் கேட்டார். மகளைத் தங்கச்சி என்றுதானே கூப்பிடுவார், உனக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் வந்தது.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், டாக்டர் இது தொடக்கம்தான் என்றார். நடுக்கத்தை நிறுத்தியாச்சு, குடியை நிறுத்த வேறு வைத்தியம் வேண்டும், இல்லையென்றால் ஊருக்குப் போன மறுநாள் ஆரம்பித்துவிடுவார், இன்னொரு தரம் இப்படி வந்தால் தாங்காது என்றார். மதுரையில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, தரும காரியமாக நடத்துகிறார்கள், போய்ச் சேருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். எனக்கு வயசு அறுபது ஆகிறது தாயி, குடிக்கு வைத்தியம் இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கயிறு கட்டுவதும் சத்தியம் வாங்குவதும் கட்டிவைத்து அடிப்பதும்தான் நம் பக்கம் நான் பார்த்தது. கடை நம்மிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது, வைத்தியம் மூன்று பஸ் மாறிப் போகிற தூரத்தில் இருக்கிறது.

அந்த இடத்தில் சேர்க்க ஒரு கண்டிசன். வீட்டு ஆள் ஒருவர் கூடவே தங்க வேண்டும், மூன்று வாரமும். சும்மா துணைக்கு இல்லை, வீட்டாருக்கும் பாடம் உண்டாம், தினமும் உட்கார வேண்டுமாம். பொதுவாகப் பெண்சாதி வருவார்கள் என்றார்கள். அவள் குவைத்தில் இருக்கிறாள் என்றேன். அப்பா அம்மா, அண்ணன் தம்பி என்றார்கள். முனியசாமியிடம் போய் நின்றேன். அவர், பொண்டாட்டிய வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டது நீங்க, வீட்டோட வச்சுச் சோறு போட்டதும் நீங்க, நீங்களே போய் உக்காருங்க என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னதில் பாதி கோபம், பாதி பயம், மூன்று வாரம் வேலையை விட்டுவிட்டு யார் வந்து உட்காருவார்கள். நம் வீட்டில் மட்டும் என்ன, மிளகாய்க்குக் களை எடுக்கிற நேரம். உன் அம்மா, ஆடு, மாடு, பிள்ளை, மிளகாய் எல்லாம் நான் பாத்துக்கிறேன், நீங்க கெளம்புங்க என்றாள். கார்த்திகைக் குளிரில் மாமனாரும் மருமகனும் ஒரு பையோடு மதுரைக்கு பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நான் டிரைவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அங்கே பட்ட வெட்கத்தை எழுதினால் நீ சிரிப்பாய், சிரித்துக்கொள். முதல் நாலு நாள் அவருக்கு நிற்கத் தெம்பில்லை, குளிக்க ஆள் பிடிக்க வேண்டும். மாமா நீங்க வெளிய நில்லுங்க என்பார், நானும் வெளியே நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருப்பேன், உள்ளே அவர் வழுக்கி விழுகிற சத்தம் கேட்டு ஓடுவேன். பிறகு அவர் கண்ணை மூடிக்கொள்வார், நானும் வேறு எங்காவது பார்த்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவேன். எல்லாரும் என்னை அவருடைய அப்பா என்று நினைத்தார்கள், முதலில் இல்லை மாமனார் என்று திருத்தினேன், அப்புறம் விட்டுவிட்டேன்.

பாடம் எடுக்க ஓர் அம்மா வருவார்கள். குடிக்கிறவர்கள் ஒரு பக்கம், வீட்டார் ஒரு பக்கம் உட்கார வேண்டும். இந்தக் குடியால் வீட்டில் நடந்ததை அவரவர் ஆள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும், திட்டக்கூடாது, மறைக்கவும் கூடாது. என் முறை வந்தது. எழுந்து, எங்க மாப்பிள்ளை தங்கமானவருங்க, யாரையும் அடிச்சதில்ல, வைஞ்சதில்ல என்றேன். அந்த அம்மா, தங்கம்னா எதுக்குய்யா இங்க கொண்டுவந்தீங்க என்று கேட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள், குடிக்கிறவர்களும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அப்போது உனக்குக்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். ஆடி மாதம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, உங்க பேத்தி அப்பா அம்மா ரெண்டு பேருமே குவைத்துல இருக்காகன்னு சொல்லுது, அப்ப தெனமும் ரோட்டுல விழுந்து கெடக்குற அந்த ஆளு யாருன்னு பிள்ளைக கேக்குதுக, அதுக்கு உங்க பேத்தி தெரியாதுன்னு சொல்லிருச்சு என்றார்கள். இதைச் சொல்லிவிட்டு, நீங்க உசுரோட இருக்கும்போதே பிள்ள உங்கள வெளிநாட்டுக்கு அனுப்பிருச்சு மாப்ள என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். இனி கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். வாசல் கேட்டுப் பக்கம் போகவில்லை, வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சோற்று மணி அடித்ததும் போய்ச் சாப்பிட்டோம்.

ஊர் திரும்பும்போது மாத்திரை கொடுத்தார்கள். தினமும் காலையில் ஒன்று. அதைப் போட்டுவிட்டுக் குடித்தால் வாந்தியும் படபடப்பும் வந்து உயிருக்கே ஆபத்தாகும், அவரிடமும் அதைச் சொல்லிக் கையெழுத்து வாங்கித்தான் கொடுத்தார்கள். வீட்டு ஆள் கையால் கொடுத்து விழுங்குவதைப் பார்க்க வேண்டுமாம். நான் விடிவதற்குள் மிளகாய்க் காட்டுக்குப் போய்விடுகிற ஆள். உன் அம்மாதான் கொடுக்க வேண்டும். அவள் பட்ட பாட்டை நீ பார்த்திருக்க வேண்டும். முதல் நாள் தட்டில் மாத்திரையை வைத்துக் கதவிடுக்கு வழியாகக் கையை மட்டும் நீட்டினாள், கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுக்கிறவள் மாதிரி. விழுங்கினாரா பார்த்தியா என்றால், தொண்ட ஏறி இறங்குற சத்தம் கேட்டுச்சு என்கிறாள். பிறகு பூமயில் நடுவில் நின்று, அப்பா வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க என்று டாக்டர் வேலை பார்த்தாள். அந்தப் பிள்ளை அவர் முகத்தைப் பார்த்துப் பேசியது அப்படித்தான் ஆரம்பித்தது.

இத்தோடு முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன் என்றுதானே உட்கார்ந்தேன். தை பிறக்கிற சமயம் மாத்திரை தீர்ந்தது. வாங்க மதுரைக்குத்தான் போக வேண்டும், ஒரு நாள் பூராவும் போய்விடும், பொங்கல் கழியட்டும் என்று நான்தான் சொன்னேன், அப்புறம் மிளகாய்ப் பழம் எடுக்கிற வேலை வந்துவிட்டது. கரிமூட்டக்காரர்கள் கூப்பிட்டார்கள், போனார், குடித்துவிட்டார். அன்று வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் காலையில் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. நான் தவறிட்டேன் மாமா என்றார். எனக்குத் திட்டவும் தெம்பில்லை, தேற்றவும் தெம்பில்லை. சாணி அள்ளின கையோடு அப்படியே நின்றேன். உன் அம்மாதான் கதவை விட்டு வெளியே வந்தாள். சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்து, ரெண்டு இட்லி தின்னுட்டு எட்டு மணி பஸ்ஸுக்குக் கெளம்புங்க, இன்னொரு தரம் ஆஸ்பத்திரியில எனக்குப் பொய் சொல்ல ஏலாது என்றாள். அவர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார், நானும் கூடப் போனேன். மதுரை டாக்டர் திட்டவே இல்லை. இந்த வியாதியில இது உண்டு, விழுந்தவரு எந்திரிச்சு வந்துட்டாருல்ல, வராம கெடக்குறவங்களப் பத்தித்தான் எனக்குக் கவலை என்றார். இதே மாத்திரை ராமநாதபுரத்திலும் வாரத்தில் ஒரு நாள் வருகிற டாக்டரிடம் கிடைக்கும் என்று எழுதிக் கொடுத்தார். இப்போது அங்கேதான் போகிறோம். போன தடவை வரிசையில் நம் பக்கத்து ஊர்க்காரர்களைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள், நானும் திருப்பிக்கொண்டேன், அப்புறம் எல்லோரும் ஒரே பஸ்ஸில்தான் ஊர் வந்து சேர்ந்தோம்.

ஊரில் இப்போது நான் ஒரு பாதி வைத்தியன் ஆகிவிட்டேன். பெண்பிள்ளைகள் தண்ணீர்க்குழாய்ப் பக்கம் வைத்து மெதுவாகக் கேட்கிறார்கள், அந்த எடம் எங்கன இருக்கு என்று. வழி சொல்கிறேன், பஸ் சொல்கிறேன். கூட ஓர் ஆள் தங்க வேண்டும் என்று சொன்னதும் முகம் விழுந்துவிடுகிறது. மேலத்தெருவில் ஒரு பிள்ளை, நான் மூணு வாரம் அங்கன போய் உக்காந்தா எம் பிள்ளைகளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா என்று கேட்டது. எல்லா வீட்டிலும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார ஒரு மாமனார் இருக்கிறானா. அந்தப் பிள்ளை குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். மாப்பிள்ளை, சேதுவ வரச்சொல்லி எழுதுங்க மாமா, அவ இருந்தா நான் நின்னுருவேன் என்று சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். உன் அம்மாவுக்கும் நீ வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. முனியசாமியும் ஊரும், பொண்டாட்டி பக்கத்துல இல்லாத கொறைதான் எல்லாம் என்கிறார்கள். நீ பக்கத்தில் இருந்தபோது அவர் குடித்ததையும், நீ அதனால்தான் பாஸ்போர்ட் எடுத்தாய் என்பதையும் இவர்களுக்கு யார் சொல்வது. எனக்குத் தெரியும் தாயி, நீ என்னிடம் சொல்லாவிட்டாலும் எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால் நான் சொல்வதைக் கேள். அவர் இன்றைக்குக் குடிக்கவில்லை. நாளைக்குக் குடிக்க மாட்டார் என்று டாக்டரே எழுதிக் கொடுக்கவில்லை, நான் எப்படி எழுதுவேன். காலையில் மாத்திரை கொடுக்க உன் அம்மா இருக்கிறாள், வாரம் தவறாமல் பஸ் ஏற நான் இருக்கிறேன், என் கால் நடக்கிற வரைக்கும் இருப்பேன். மகளைப் பார்க்க வேண்டும் என்றால் வா. மேடம் வீட்டு வேலை செய்ய முடியவில்லை, உடம்பு கேட்கவில்லை என்றால் வா. நம் வீட்டுக் கதவு உனக்குச் சாத்திக் கிடக்காது. இல்லை, இன்னும் இரண்டு வருசம் இருந்துவிட்டு வருகிறேன் என்றால் அதையும் செய், உன்னை ஒரு சொல் சொல்ல இங்கே யாரையும் விட மாட்டேன். அவரைத் திருத்துவதற்காக வா என்று மட்டும் நான் எழுத மாட்டேன். அதற்கு மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார்கள். நீ மருந்து இல்லை சேது, நீ என் மகள்.

குலசாமி உனக்குத் துணை இருக்கட்டும். தாயும் பிள்ளையும் ஒரே தட்டில் சாப்பிடுகிற நாள் சீக்கிரம் வர வேண்டும் என்று உன் அம்மா விளக்கு ஏற்றும்போதெல்லாம் சொல்கிறாள், எனக்கும் அதே ஆசைதான். மறந்துவிடாதே, ஹமீது சுல்தான் அடுத்த தடவை வரும்போது அவரிடம் சென்ட் பாட்டில் எதுவும் கொடுத்தனுப்பாதே, அதில் ஸ்பிரிட் இருக்குமாம், அந்த மாத்திரைக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ முன்பு அனுப்பிய பாட்டிலை மாப்பிள்ளையே என் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார். பூமயிலுக்குச் சட்டை எடுத்தால் பத்து வயசு அளவு எடு.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அய்யா,
பொ. பொன்னுச்சாமி